காத்து வாங்கப் போறீங்களா பாஸ்?

கேம்பஸ் கேரேஜ்

காலேஜ் பார்க்கிங்ல கார் பைத்தியம் பிடிச்ச நாலு பேர் ஒண்ணா நின்னா, அஞ்சாவது நிமிஷம் ஒரு பேர் காதுல விழும். 'கோல்டு ஏர் இன்டேக்'. "கம்பெனிக்காரன் வெச்ச ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழட்டி ஓரமா வை. ஒரு பைப், ஒரு கோன் ஃபில்டர் போடு. பத்து குதிரை எக்ஸ்ட்ரா வரும் மச்சி!" இப்படி ஒருத்தன் சொல்வான். மத்த மூணு பேரும் தலையாட்டுவாங்க. அந்த ஞாயித்துக்கிழமையே யாரோ ஒருத்தரோட அப்பா கார் பானெட் திறந்திருக்கும்.

கிட்டா வாங்கினா ஆயிரக்கணக்குல செலவு. பி.வி.சி. பைப்பை வெச்சு நாமளே செஞ்சா ரொம்பக் கம்மியில முடிஞ்சிடும். செய்யலாமா? தாராளமா செய்யலாம். இன்ஜினீயரிங் படிக்கிறவங்க ஸ்பேனர் பிடிக்கலைன்னா வேற யார் பிடிப்பாங்க? ஆனா திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் ஓடுற காருன்னா, ஹேக்ஸா பிளேடை எடுக்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் தெரிஞ்சாகணும். சூடு, தூசி, தண்ணி. பார்க்கிங் பேச்சுல முதல் விஷயம் மட்டும்தான் வரும். காரோட உயிரை எடுக்கறது மத்த ரெண்டும்தான்.

இது நம்ம ஏரியா ஆசை

முதல்ல கொஞ்சம் ஊர்ப் பெருமை. இந்த வெறி ஒண்ணும் நேத்து வந்தது இல்ல. கும்மிடிப்பூண்டியிலேர்ந்து ஜி.என்.டி. ரோட்டுல சென்னைக்கு வர்றப்ப, செங்குன்றத்துக்கு முன்னாடி சோழவரம் வரும். ஏரி எல்லாருக்கும் தெரியும். அங்கே இரண்டாம் உலகப் போர் காலத்துல போட்ட விமான ஓடுதளம் ஒண்ணு உண்டு. 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல வருஷம் கார், பைக் ரேஸ் நடத்தினது அந்த ஓடுதளத்துலதான். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் வர்ற வரைக்கும், மெட்ராஸ்காரங்களுக்கு ரேஸ்னாலே சோழவரம்தான்.

வெளிநாட்டு ரேஸ் பார்ட்ஸ் லேசுல கிடைக்காத காலம் அது. ரோட்டுல ஓடுற அம்பாசடரையும் ஃபியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் பிரிச்சுப் போட்டு, ராவி, தேய்ச்சு, மாத்திக் கட்டி ஓட்டின தலைமுறை. கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன் ஒருபடி மேலே போய், மாருதி 800 இன்ஜினை வெச்சு 'ஃபார்முலா மாருதி' ரேஸ் காரையே உருவாக்கினார். 1995-ல் விமான விபத்துல அவர் இறந்துட்டார். கோவையில் இருக்குற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு.

அப்புறம் திருவள்ளூர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, மிட்சுபிஷியோட கைகோத்து 1998-ல் லேன்சர் காரைக் கொண்டு வந்தது திருவள்ளூர் தொழிற்சாலையிலேர்ந்துதான். 2006-ல் சீடியா வந்துச்சு. அதை எம்.ஆர்.எஃப். அணி நேஷனல் ராலியில ஓட்டினதைப் பார்த்து வாயைப் பிளந்த பசங்க நிறைய. அங்கே மிட்சுபிஷி கார் தயாரிப்பு நின்னு வருஷங்கள் ஆச்சு. ஆனா பழைய லேன்சர் ஒண்ணு நல்ல கண்டிஷன்ல கிடைக்காதான்னு தேடுற கூட்டம் இன்னும் குறையல. அது கைக்கு வந்ததும் முதல்ல கை வைக்கிற இடம் எது? கரெக்ட்... ஏர் ஃபில்டர் டப்பா!

சூடு: பத்து குதிரை எங்கே?

ஒரு கிலோ பெட்ரோல் சரியா எரிய, 14.7 கிலோ காத்து வேணும். கவனிங்க, லிட்டர் இல்ல, கிலோ. சிலிண்டரோட கொள்ளளவு மாறாது. அதுக்குள்ள எத்தனை கிராம் காத்தை அடைக்கிறோம்ங்கறதுதான் விளையாட்டு. சூடான காத்து விரிஞ்சுடும், அதனால லேசு. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காத்து சுமார் 1.16 கிலோ. 60 டிகிரியில் அதே ஒரு கன மீட்டர் சுமார் 1.06 கிலோதான். கோல்டு ஏர் இன்டேக் தத்துவம் மொத்தமும் இந்த ரெண்டு நம்பர்தான். தத்துவத்துல ஒரு தப்பும் இல்ல.

இப்ப கணக்கு. உங்க கார் 90 குதிரைத்திறன்னு வெச்சுக்கோங்க. வெளியே 36 டிகிரி வெயில். இன்ஜின் இழுக்குறது 56 டிகிரி காத்து. ரெண்டோடவும் 273-ஐக் கூட்டி கெல்வின் ஆக்குங்க: 309, 329. 309-ஐ 329-ஆல் வகுத்தா 0.94. அதாவது 6 சதவிகிதம் காத்து குறையுது. 90-ல் 6 சதவிகிதம்னா அஞ்சரை குதிரை. பார்க்கிங்ல சொன்ன பத்துல இப்பவே பாதி காலி.

இன்னும் இருக்கு. உள்ளே வர்ற காத்து, மேனிஃபோல்டையும் வால்வையும் தாண்டிப் போறப்ப மறுபடி சூடாகும். குளிர்ந்த காத்துதான் அங்கே அதிகமா சூடு வாங்கும். அதனாலதான் இன்ஜின் டெஸ்டுக்கான எஸ்.ஏ.இ. ஸ்டாண்டர்டுல, பெட்ரோல் இன்ஜின் பவரைத் திருத்த வெப்பநிலை விகிதத்தை அப்படியே எடுக்காம, அதோட வர்க்கமூலத்தை எடுப்பாங்க. 0.94-க்கு வர்க்கமூலம் 0.97. ஆக, 20 டிகிரி குறைச்சாக்கூட லாபம் சுமார் 3 சதவிகிதம். 90 குதிரையில் மூணுக்கும் கீழே!

அதுவும் ஆக்ஸிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சாத்தான். கால்வாசி மிதிச்சு 60-ல் போறப்ப, காத்தைத் தடுக்கறது த்ராட்டில் வால்வுதான். அங்கே குளிர்ந்த காத்து வந்தா, நீங்க பெடலை ஒரு நூல் கம்மியா மிதிப்பீங்க, அவ்வளவுதான். 'மைலேஜும் கூடும்'னு யாராவது சொன்னா சிரிச்சுட்டே நகர்ந்துடுங்க.

குளிர்ந்த காத்துக்கு இன்னொரு நியாயமான பலன் இருக்கு. ரொம்ப சூடான காத்து போனா இன்ஜின்ல 'நாக்கிங்' வர வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்க இ.சி.யு. இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். பவர் குறையும். மே மாசக் கத்திரியில கார் சோம்பலா இருக்குன்னு தோணுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அப்போ கம்பெனிக்காரன் இதை யோசிக்கலையா? யோசிச்சிருக்கான் பாஸ். பழைய கார்புரேட்டர் கார்கள் பலதுல ஏர் கிளீனர், சட்டியைக் கவிழ்த்த மாதிரி இன்ஜின் தலை மேலேயே உட்கார்ந்திருக்கும். பானெட்டுக்குள்ள கொதிக்கிற காத்தைத்தான் இழுக்கும். வெளிக்காத்தைக் கொண்டு வரணும்ங்கற ஐடியாவுக்கு அந்தக் கார்கள்ல அர்த்தம் உண்டு. இப்ப உங்க கார் பானெட்டைத் திறந்து, ஃபில்டர் டப்பாவுலேர்ந்து போற பிளாஸ்டிக் குழாயை விரலால தொட்டுக்கிட்டே போங்க. பெரும்பாலான கார்கள்ல அது ஹெட்லைட் பக்கமோ, ரேடியேட்டருக்கு மேலேயோ, கிரில்லுக்குப் பின்னாடியோ போய் நிக்கும். அதுவே கோல்டு ஏர் இன்டேக்தான்! அதைப் பிடுங்கிட்டு, பானெட்டுக்குள்ள திறந்தபடி ஒரு கோன் ஃபில்டரைச் சொருகினா கிடைக்கறது ஹாட் ஏர் இன்டேக்.

'ஆனா சவுண்டு செமயா மாறிடுச்சே' அப்படீங்கறீங்களா? மாறும். கம்பெனி டப்பாவோடயும் குழாயோடயும் சேர்ந்தாப்புல காலி டப்பா ஒண்ணு தொங்கும், பார்த்திருப்பீங்க. அது ரெஸனேட்டர். இன்ஜின் மூச்சு இழுக்குற சத்தத்தை அமுக்குறது அதோட வேலை. அதைக் கழட்டினா சத்தம் உள்ளே வரும். காது கேட்ட உடனே மனசு 'ஸ்பீடு கூடிடுச்சு'ன்னு தீர்ப்பு சொல்லிடும். தீர்ப்பு சொல்ல வேண்டியது காது இல்ல, மீட்டர்.

முதல்ல அளந்துடுங்க

மீன் தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் விக்கிற, ஒயர் நுனியில சென்சார் வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ரெண்டு வாங்குங்க. ஒரு சென்சார், முன் பம்பருக்குப் பின்னாடி வெயில் படாத இடத்துல. இன்னொண்ணு ஃபில்டர் டப்பாவுக்குள்ள, ஆனா ஃபில்டருக்கு முன்னாடி, அதாவது அழுக்குக் காத்து வர்ற பக்கம். ஒயரே அறுந்தாலும் துண்டு ஃபில்டரைத் தாண்டாது. 2013-க்கு அப்புறம் வந்த கார்னா, ஓ.பி.டி. ஸ்கேனர் சொருகி 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' அளவையும் பார்க்கலாம்.

அரை மணி நேரம் சாதாரணமா ஓட்டுங்க. ரீடிங் பார்க்குறது பக்கத்து சீட் நண்பர், டிரைவர் இல்ல. சிக்னல்ல நிக்கிறப்ப உள்சூடு ஏறும். எந்தக் காரும் அப்படித்தான், அதை விட்டுடுங்க. 60-ல் சீரா ஓடுறப்ப ரெண்டு தெர்மாமீட்டருக்கும் வித்தியாசம் என்ன? அஞ்சு டிகிரிக்குள்ளன்னா, கம்பெனி தன் வேலையைச் சரியா செஞ்சிருக்கு. நீங்க சம்பாதிக்க அங்கே ஒண்ணும் மிச்சம் இல்ல. 15, 20 டிகிரி வித்தியாசம் இருந்தா மட்டும் மேலே படிச்சு வேலையை ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி குழாய் கழண்டிருக்கா, மூடி உடைஞ்சிருக்கான்னும் பாருங்க. பழைய கார்ல பல சமயம் வியாதியே அதுதான்.

டர்போ டீசல் வெச்சிருக்கறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. டர்போ காத்தை அழுத்துறப்பவே அது நல்லா சூடாயிடும். அதைக் குளிர வைக்கத்தான் இன்டர்கூலர் இருக்கு. இன்டர்கூலர் பட்டைகள்ல அடைஞ்சிருக்குற சேத்தையும் பூச்சியையும் கழுவுறது, புதுப் பைப்பை விட உருப்படியான வேலை.

தூசி: ஒரு டேங்க்குக்கு ஒரு கிளாஸ் ரூம்

ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க இன்ஜின் இழுக்குற காத்து சுமார் 9,000 லிட்டர். 40 லிட்டர் டேங்க் ஒண்ணு காலியாகறதுக்குள்ள சுமார் 3,70,000 லிட்டர். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம் உள்ள ஒரு லெக்சர் ஹால் காத்து முழுசும் உங்க ஃபில்டர் வழியாப் போகுது, ஒவ்வொரு டேங்க்குக்கும்.

அந்த ஹால் எந்த ஊர்ல இருக்குங்கறதுதான் கேள்வி. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்பு உருக்குற, உருட்டுற ஆலைகள். தச்சூர் கூட்டு ரோட்டுல இடைவிடாத லாரி. திருவள்ளூர், ஊத்துக்கோட்டை பக்கம் செங்கல் சூளைகள். அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல். அந்தச் சாம்பல்ல அதிகம் இருக்கறது சிலிக்காவும் அலுமினாவும். ரோட்டு மண்ணுலயும் சிலிக்காதான். இரும்பை விடக் கடினமான பொருள். கண்ணுக்குத் தெரியாத நைஸ் தூளா உள்ளே போனா, பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். உடனே ஒண்ணும் தெரியாது. கொஞ்ச வருஷத்துல ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், நீலப் புகை வரும், கம்ப்ரஷன் போகும். மூணு குதிரை சேர்க்கப் போன கார்ல முப்பது குதிரை லாயத்தை விட்டு ஓடியிருக்கும்.

அதனால ஃபில்டர் விஷயத்துல கம்பெனி பேப்பர் ஃபில்டரைக் குறைவா நினைக்காதீங்க. எண்ணெய் தடவின காட்டன் ஃபில்டர்கள் காத்தைக் கொஞ்சம் சுலபமா விடும். பொதுவா தூசியையும் கொஞ்சம் சுலபமா விடும். எண்ணெய் அதிகமாயிட்டா, ஏர் ஃப்ளோ மீட்டரோட சூடான கம்பியில படிஞ்சு தப்பு ரீடிங் கொடுக்கும். ஃபில்டர் வாங்குறப்ப டப்பா மேல இருக்குற 'கூடுதல் ஏர் ஃப்ளோ' வாசகத்தைப் படிக்காதீங்க. ஐ.எஸ்.ஓ. 5011-னு ஃபில்டருக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. அந்த முறைப்படி எவ்வளவு தூசியைப் பிடிச்சுச்சுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. போடலைன்னா வெச்சுட்டு வந்துடுங்க.

உங்க பேப்பர் ஃபில்டர் நிஜமாவே காத்தை அடைக்குதான்னு தெரிஞ்சுக்க, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல பார்த்த யூ-டியூப் மானோமீட்டர் போதும். கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் குழாய், அதுல கொஞ்சம் கலர் தண்ணி. ஒரு நுனி திறந்த காத்துல, இன்னொரு நுனி ஃபில்டரைத் தாண்டின சுத்தமான பக்கத்துல. நடுவுல ஒரு காலி பாட்டில் கண்டிப்பா இருக்கணும், தண்ணி தப்பித் தவறிக்கூட இன்ஜினுக்குப் போகக் கூடாது. ரெண்டு பக்கமும் 10 சென்டிமீட்டர் தண்ணி வித்தியாசம்னா, வளிமண்டல அழுத்தத்துல சுமார் 1 சதவிகிதம் நஷ்டம். முழு த்ராட்டில்ல பார்க்க வேண்டிய டெஸ்ட் இது. டைனோ இருக்குற வொர்க்‌ஷாப்ல பண்ணுங்க, ஹைவேஸ்ல லாரிகளுக்கு நடுவுல வேண்டாம்.

தண்ணி: பாதி டீ கிளாஸ் போதும்

இதுதான் முக்கியமான பாரா. பைப் போடுறவங்க 'கீழே இருக்குற காத்துதான் குளிர்ச்சி'ன்னு, வாயை பம்பருக்குக் கீழே, ஃபாக் லேம்ப் பக்கம் இறக்கிடுவாங்க. வெயில் காலம் முழுக்க ஜோரா இருக்கும். அப்புறம் டிசம்பர் வரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தை வீட்ல எல்லாரும் சொல்லிக் கேட்டிருப்பீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நாமளே பார்த்தோம். சென்னையிலயும் திருவள்ளூர் மாவட்டத்துலயும் ரோடு எது, கால்வாய் எதுன்னு தெரியல. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் ஓடுற மாவட்டம் இது. சப்வேயில தண்ணி நிக்கிறதுக்குப் புயல்கூடத் தேவையில்லை, ஒரு ராத்திரி மழை போதும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1.5 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜின். ஒரு சிலிண்டர் 375 சி.சி. கம்ப்ரஷன் ரேஷியோ 10-க்கு 1. பிஸ்டன் உச்சிக்கு வர்றப்ப மேலே மிச்சம் இருக்குற இடம், 375-ஐ 9-ஆல் வகுத்தா, சுமார் 42 சி.சி. காத்தை அமுக்கலாம். தண்ணியை அமுக்க முடியாது. ஆக 42 மில்லிக்கு மேல தண்ணி ஒரு சிலிண்டருக்குள்ள போனா, பிஸ்டன் மேலே வர வழியில்லாம நடுவழியில நிக்கும். பின்னாடியிலேர்ந்து கிராங்க் தள்ளும். நடுவுல இருக்குற கனெக்டிங் ராடு வளையும். இதுக்குப் பேர் ஹைட்ரோஸ்டேட்டிக் லாக். டீக்கடை கிளாஸ்ல பாதிகூட இல்லாத தண்ணி, மொத்த இன்ஜினையும் இறக்க வெச்சுடும்.

சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகள்ல பெரும்பாலும் இதுக்குப் பணம் வராது. 'இன்ஜின் புரொடெக்ட்' மாதிரி தனி கவர் எடுத்திருக்கணும். அது இருந்தாலும், இன்டேக்கை நீங்களே வெட்டிக் கீழே இறக்கியிருக்கீங்கன்னு சர்வேயர் பார்த்தா என்ன கேள்வி வரும்னு யோசிச்சுக்கோங்க. அப்பா கட்டுற இ.எம்.ஐ. மட்டும் மாசா மாசம் ஒழுங்காப் போய்க்கிட்டு இருக்கும், கார் ஷெட்ல நிக்கும்.

அதனால ஒரே சட்டம்: கம்பெனி வெச்ச வாய் எந்த உயரத்துல இருந்துச்சோ, உங்க பைப்போட வாய் அதுக்கு ஒரு விரக்கடைகூடக் கீழே போகக் கூடாது. ஒருவேளை தண்ணியில வண்டி நின்னுடுச்சுன்னா, எந்த இன்டேக்கா இருந்தாலும் சாவியைத் திரும்பத் திருகாதீங்க. பல ராடுகள் வளையறது அந்த ரெண்டாவது ஸ்டார்ட்லதான். தள்ளி ஓரம் கட்டி, மெக்கானிக் வந்து பிளக்கைக் கழட்டிப் பார்க்குற வரை பொறுங்க.

அப்படியும் செய்யணும்னா...

அளந்தாச்சு. வித்தியாசம் நிஜமாவே அதிகம். கார் வாரன்டி காலத்தைத் தாண்டியாச்சு. அப்பாகிட்டயும் சொல்லியாச்சு. ரைட், ஆரம்பிங்க.

கம்பெனி ஃபில்டர் டப்பாவை வெச்சுக்கிட்டு, அதுக்குக் காத்து கொண்டு வர்ற முன்பக்கக் குழாயை மட்டும் மாத்துறதுதான் புத்திசாலித்தனம். ஃபில்டர், சீல், ஏர் ஃப்ளோ மீட்டர், வெப்பநிலை சென்சார் எதுலயும் கை வைக்கலை. ஏதாவது தப்பாப் போனாலும் அரை மணி நேரத்துல பழையபடி மாட்டிடலாம். முக்கியமா, நீங்க ஒட்டின சொல்யூஷன் துண்டு கழண்டாக்கூட ஃபில்டர் தடுத்துடும். ஃபில்டரைத் தாண்டின பக்கத்துல எம்-சீல், செலோ டேப், அறுத்த பிசிறு எதுவும் கூடாது.

குழாய் சைஸ்? 1.5 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்.ல நொடிக்குச் சுமார் 64 லிட்டர் காத்து இழுக்கும். 63 மி.மீ. பி.வி.சி. பைப்ல அது நொடிக்குச் சுமார் 24 மீட்டர் வேகம். 75 மி.மீ. பைப்ல சுமார் 17 மீட்டர். இடம் இருந்தா 75 போடுங்க. கூர்மையான எல்போ வேண்டாம், நீள வளைவு நல்லது. வாய்ப் பக்கத்தைப் புனல் மாதிரி விரிச்சு விடுங்க, எலி நுழையாம ஒரு பெரிய கண் வலை போடுங்க.

பி.வி.சி. 75, 80 டிகிரியில இளக ஆரம்பிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கமே போகக் கூடாது. 'அப்போ அலுமினியம் போடலாமா, அது சூட்டைக் கடத்துமே'ன்னு பெரிய விவாதம் நடக்கும். கணக்குப் போட்டா விவாதம் முடிஞ்சிடும். முழு வேகத்துல ஒரு மீட்டர் பைப்பை காத்து தாண்டுறது ஒரு நொடியில 25-ல் ஒரு பங்கு நேரத்துல. அதுக்குள்ள பெருசா சூடாகாது. ஐடில்ல நிக்கிறப்பதான் ஏறக்குறைய ஒரு நொடி உள்ளே தங்கும், சூடாகும். அப்ப உங்களுக்குப் பவர் தேவையே இல்ல. எது சுலபமா கிடைக்குதோ அதைப் போடுங்க. புதுப்பேட்டையில வேற கார் ஒண்ணோட ஒரிஜினல் ரப்பர் குழாய் பொருத்தமாக் கிடைச்சா, இது ரெண்டையும் விட அதுதான் பெஸ்ட்.

டப்பாவைச் சுத்தி, இன்ஜின் பக்கம் ஒரு தடுப்பு அவசியம். டிங்கர் பட்டறையில அலுமினிய ஷீட்டை மடிச்சு வாங்கிக்கோங்க. ஓரத்துல ரப்பர் பீடிங், பானெட் மூடினா நல்லா அழுத்திப் பிடிக்கிற மாதிரி. செலவுக்குத் தகுந்த பலன் இதுலதான் அதிகம். சில கார்ல பைப்பை மாத்தாம இந்தத் தடுப்பை மட்டும் போட்டாலே வேலை முடிஞ்சிடும். இன்ஜின் ஆறினப்புறம், பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு வேலை பாருங்க. இணைப்பு எல்லாத்துலயும் ஹோஸ் கிளிப். பைப்பை பாடியோட ஒரு பிராக்கெட் போட்டுக் கட்டுங்க. இன்ஜின் ஆடும், பாடி ஆடாது, நடுவுல கொஞ்சம் ரப்பர் குழாய் இருந்தாத்தான் விரிசல் விடாது.

முடிச்சதும் அதே ரோடு, அதே நேரம், அதே தெர்மாமீட்டர். வித்தியாசம் 20-லேர்ந்து 6-க்கு வந்திருந்தா காலரைத் தூக்கி விட்டுக்கலாம். மாறலைன்னா கழட்டிப் பழசையே மாட்டுங்க. சட்டப் பக்கமும் ஒரு வரி: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்குற விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துலேர்ந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. இன்டேக் பைப் ஆர்.சி.யில் இல்லைதான். ஆனா புகை டெஸ்ட்ல ஃபெயில் ஆகுற மாதிரியோ, தெருவே திரும்பிப் பார்க்குற சத்தம் வர்ற மாதிரியோ எதையும் செஞ்சுட்டு 'இது ஆர்.சி.யில இல்ல சார்'னு போலீஸ்கிட்ட சொல்ல முடியாது.

வெறி அடங்கலையா?

இந்த ஃபிஸிக்ஸ் நிஜமாவே முக்கியமாகுற இடம் ஒண்ணு இருக்கு. ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகள். 2011-ல் தொடங்கின சூப்ரா எஸ்.ஏ.இ. இந்தியா, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துட்டு வர்ற ஃபார்முலா பாரத்... இதுல பெட்ரோல் கார்னா இன்ஜினுக்குப் போற மொத்தக் காத்தும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஓட்டை வழியாத்தான் போகணும். கட்டை விரல் தடிமன்! அந்த ஓட்டையில காத்து ஒலியோட வேகத்தை எட்டிட்டா, அதுக்கு மேல எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு கிராம்கூடக் கூடாது. அங்கே ஒவ்வொரு டிகிரியும், ஒவ்வொரு வளைவும் மார்க். உங்க காலேஜ்ல டீம் இருந்தா போய்ச் சேருங்க. இல்லைன்னா நாலு பேர் சேர்ந்து ஆரம்பிங்க. அங்கே இன்டேக் வெடிச்சாலும் அது பாடம். அப்பா கார்ல வெடிச்சா அது வேற மாதிரிப் பாடம்.

இந்த வார ஹோம்வொர்க்: ரெண்டு தெர்மாமீட்டர் கட்டி, உங்க கார் மாடல், வருஷம், வெளிச்சூடு, உள்சூடு நாலையும் எழுதி அனுப்புங்க. எந்தக் காருக்கு நிஜமாவே இன்டேக் வேலை தேவை, எதுக்குத் தேவையில்லைன்னு நம்ம வாசகர்களே அளந்த பட்டியல் ஒண்ணு போட்டுடலாம்.

அடுத்த வாரம்: பிரேக் ஆயிலை எப்ப மாத்தணும்? 'அது தீரவே தீராதே'ன்னு சொல்றவங்க கண்டிப்பா வந்துடுங்க!